சந்திக்காத சாட்சி

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நாகேந்திரம் குடியிருந்தார். அந்த ஒழுங்கைக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் முதல் மாதத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: அந்த வீட்டு மனிதருக்குத் தொண்டையில் என்ன வருத்தம்? கேட்டதில் பிழையில்லை. அவர் புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சாயந்தரம் ரயிலால் இறங்கி வந்து, சால்வையை ஆணியில் கொழுவி, தேத்தண்ணி குடித்து முடித்தவுடன் விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துகொண்டு வாயைப் பலவிதமாகக் கோணத் தொடங்குவார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு சத்தம், பல்லில் தட்டி ஒரு சத்தம், தொண்டைக்குள் உருட்டி இன்னொன்று. வாய் கொப்பளிக்கிறாரா, யாரையும் ஏசுகிறாரா என்று வெளியாருக்குப் பிடிபடாது. சங்கதி தெரிந்த அயலவர்கள் சிரித்துக்கொண்டு, அவர் செத்துப்போன ஒரு பாஷை பேசுகிறார் என்பார்கள்.

செத்துப்போன பாஷை என்று சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். செத்ததற்கு ஒரு ஏடாவது கல்லாவது மிஞ்சும், இதற்கு அதுகூட இல்லையே என்பார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு எல்லாம் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பது படித்தவர்கள் ஒப்புக்கொண்ட விசயம். அந்தத் தாய் எந்தக் காலத்திலோ பேசி ஓய்ந்துவிட்டாள். அவள் பேச்சை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இந்த மூக்கு தாயின் மூக்கு, இந்த நெற்றி எங்கிருந்தோ பின்னால் வந்தது என்று பார்ப்பதுபோல, மகள் மொழிகளின் சொற்களை நிறுத்திப் பார்த்துத் தாயின் வாயில் என்ன ஒலி இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். நாகேந்திரத்தின் பைத்தியம் அதுதான்.

காதுக்கு நாங்கள் செவி என்கிறோம். மலையாளியும் தெலுங்கரும் அப்படியே சொல்கிறார்கள். கன்னடத்தில் மட்டும் கிவி, துளுவில் கெபி. ஆள் கணக்குப் பார்த்தால் செவிதான் வெல்ல வேண்டும். ஆனால் நாகேந்திரம் ஆள் கணக்குப் பார்க்க மாட்டார். ககரம் வாயில் மெல்ல மெல்லக் குழைந்து சகரமாவது எங்கும் நடக்கிற காரியம், சகரம் ககரமானதை யாரும் கண்டதில்லை. ஆகவே தாய் சொன்னது 'கெவி' என்று தீர்ப்பு வைத்தார். இந்தத் தீர்ப்புக்காக அவர் மருதானையில் மலையாளிகளின் தேத்தண்ணிக் கடைகளில் குந்தியிருந்தார். நகரசபையின் தெலுங்குத் தொழிலாளர் வரிசை வீடுகளில் நாய்க்கடி வாங்கினார். சைவக் கடை ஒன்றில் துளு பேசும் சமையற்காரர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அடுப்படிக்குள் புகுந்து அந்த மனிதரின் காதைத் தொட்டு, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார். சமையற்காரர் கரண்டியை ஓங்காமல் விட்டது அவருடைய நல்ல குணம். புதுக்கடையில் அன்றுமுதல் நாகேந்திரத்துக்குக் 'கெவியர்' என்று பட்டம் ஒட்டிக்கொண்டது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு, அதை நீதிமன்றத்திலிருந்துதான் எடுத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொன்னால் சந்தோஷப்படாதே. அவர்கள் முன்பே சந்தித்துக் கதைத்தவர்களா என்று முதலில் பார். ஒரு காணிச் சண்டை வழக்கில், கூண்டில் ஏறிய நாலைந்து பேரும் "கையில் கத்தி, கண்ணில் கொலைவெறி" என்று ஒரே மூச்சில் ஒரே இடத்தில் நிறுத்திச் சொன்னார்கள். மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு பேருக்கும் ஒரே வாத்தியார் என்று அன்று இராச்சாப்பாட்டின்போது மனைவி அன்னபாக்கியத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பாஷையும் அப்படித்தான் பாக்கியம், பக்கத்து வீட்டிலிருந்து கடன் வாங்கின சொல்லைத் தாய்வீட்டுச் சொல் என்று நம்பினால் எல்லாம் பிழையாய்ப் போகும் என்று விளக்கமும் சொன்னார். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டு, ஓம் ஓம் என்றாள்.

கண்டுபிடித்த சொல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் ஒரு சிறிய நட்சத்திரம் கீறுவார். பாஷை ஆராய்ச்சிக்காரர்களின் வழக்கம் அது. நட்சத்திரம் போட்டால், இந்தச் சொல்லை உயிரோடு ஒருவரும் கேட்டதில்லை, கணக்கால் வந்தது என்று பொருள். அன்னபாக்கியம் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, ஒருவரும் கேட்காததை எப்படிச் சரி என்று சொல்லுவது என்று கேட்டாள். அதற்கு அவர் ஒரு பெரிய பிரசங்கம் செய்தார். பிரசங்கத்தில் அவளுடைய கேள்வி எங்கேயோ தொலைந்துபோயிற்று.

உலகச் சண்டை முடிந்து அடுத்த வருஷம். ஒரு சாயந்தரம் நாகேந்திரம் ஏகப்பட்ட குஷியில் இருந்தார். சொல் சொல்லாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் அன்று முதன்முதலாக ஒரு முழு வசனம் கட்டியிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளையைக் கூப்பிட்டு, வந்து இதைக் கேள் என்று சொல்லும் வசனம். அதைக் கடல் காற்றில் உரக்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காலத்துச் சனங்கள் கதைப்பது எனக்குக் கேட்கிறது என்றார். அன்னபாக்கியம் வாசற்படியில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"எத்தினை ஆயிரம் வருசத்துக்கு முந்திப் போன சனத்தின்ர குரல் எல்லாம் உங்களுக்குக் கேக்குது. மலரின்ர குரல் ஞாபகம் இருக்கோ?"

நேசமலர் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டதற்கு முந்தின வருஷம் நெருப்புக் காய்ச்சல் வந்து போய்விட்டாள். ஏழு வயது. அதன் பிறகு அந்த வீட்டில் அவளுடைய பெயரை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் மற்றவர் உடைந்துபோவார் என்று ஒருவருக்கொருவர் பயந்து, அந்தப் பயத்திலேயே வருஷங்கள் போயிருந்தன. அதனால் மனைவியின் வாயிலிருந்து திடீரென்று அந்தப் பெயர் வந்ததும் நாகேந்திரம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓம். ஏன் இல்லாமல்?" என்றார்.

அவள் இலை உருவுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். எதையோ கேட்கக் காத்திருக்கிறவளைப் போலப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு, ரயில் வருகிறது போல என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். அன்னபாக்கியம் இலையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

உள்ளே போய்க் கட்டிலில் இருந்துகொண்டு அவர் தேடினார். பிள்ளையின் முகம் வந்தது. காதோரச் சுருள்மயிர் வந்தது. புதுச் சப்பாத்துக் கடித்த குதிக்கால் புண், நல்லெண்ணெய் மணம், பள்ளிக்கூடச் சட்டையில் மைக்கறை எல்லாம் வந்தன. பிள்ளை வாயைத் திறந்தாள், எதையோ சொன்னாள். சத்தமில்லாத பயாஸ்கோப்பில் ஆட்கள் வாயசைக்கிற மாதிரி வாய் அசைந்தது. ஒரு சொல் கேட்கவில்லை. செருமிப் பார்த்தார், கண்ணை இறுக்கிப் பார்த்தார், அவள் அடிக்கடி சொல்லுகிற வசனங்களை மனதால் எடுத்து அவள் வாயில் வைத்துப் பார்த்தார். எல்லாம் அவருடைய சொந்தக் குரலில்தான் கேட்டன. ஊரிலுள்ள மொழிக்காரர் எல்லோருடைய காதையும் பிடித்துப் பார்த்த மனிதருக்கு, மடியில் வளர்ந்த பிள்ளையின் குரல் எப்போது தொலைந்தது என்றே தெரியவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார்.

அழுது முடிந்ததும் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது. துக்கம் வந்தால் மனிதன் தனக்குத் தெரிந்த தொழிலைத்தானே செய்வான்? அவருக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். ஒருவரும் கேட்டிராத தாயின் வாயை மீட்கத் தெரிந்தவனுக்கு, ஐந்து வருஷத்துக்கு முந்திப் போன மகளின் வாயை மீட்க முடியாதா என்று நினைத்தார். அவள் குரலைக் கேட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் மிஞ்சியதை வாங்கி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் வந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்திருக்கக்கூடிய ஒரு வசனம் வேண்டும். அதையும் தெரிந்து வைத்திருந்தார். அவர் ரயிலால் இறங்கி ஒழுங்கையில் வருவதைக் கண்டால் பிள்ளை சொல்வது: "அப்பா வந்திட்டார்."

முதல் சாட்சி அன்னபாக்கியம். தனக்கு மறந்துவிட்டது என்று அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேறு கதை கதைக்கிற மாதிரிக் கதைத்து, மலர் அந்த வசனத்தை எப்படிச் சொல்லுவாள் பாக்கியம், ஒருக்கால் சொல்லும் பாப்பம் என்று கேட்டார். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சொல்ல மாட்டாள் என்று அவர் நினைத்தபோது, திரும்பாமலே சொன்னாள். "அப்பா" என்பது தாழத் தொடங்கி, "வந்திட்டா" என்று நீண்டு மேலே ஏறி, கடைசி எழுத்தில் மெல்ல நடுங்கி இறங்கியது. நாகேந்திரத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கேயோ கேட்ட குரல் என்று அவருடைய காது சொன்னது.

ஒரு சாட்சி போதாது. பக்கத்து வீட்டுப் பலீலாவிடம் போனார். பலீலா பரம்பரையாகக் கொழும்பு, புருஷனுக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. மலர் பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தவள். அவர் கேட்டதும் அந்த மனுஷி முந்தானையை வாயில் வைத்து விம்மிவிட்டு, அதே ஏற்றத்தோடு, அதே நடுக்கத்தோடு சொல்லிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை தெமட்டகொடைக்குப் போனார். அங்கே அன்னபாக்கியத்தின் தம்பி ஸ்ரீஸ்கந்தராசா ரயில்வே உத்தியோகத்தர் வீட்டில் குடியிருந்தான். அவன் சங்கீத ஞானம் என்றால் காத தூரம் ஓடுகிறவன். அவன்கூடக் கட்டைக் குரலில் அதே இடத்தில் ஏற்றி அதே இடத்தில் இறக்கினான். சொல்லிவிட்டு, இதை ஏன் அத்தான் இப்ப கேக்கிறியள் என்று முகத்தைத் துடைத்தான்.

மூன்று சாட்சிகள், ஒரு சொல் மாறவில்லை. மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் நாகேந்திரம் அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். இத்தனை காலமாக இராத ஒரு சந்தோஷம் நெஞ்சை அடைத்தது. வாசலுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல், உள்ளே நின்ற மனைவிக்குக் கேட்க, மெல்லிய குரலாக்கி அதை அப்படியே சொன்னார். இதுதானே என்று கேட்டார். அன்னபாக்கியம் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு அந்த வீடு கொஞ்சம் வீடாயிற்று. மலரின் பெயர் திரும்ப உள்ளே வந்தது. அன்னபாக்கியம் பெட்டியிலிருந்து பிள்ளையின் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டாள். அவர் வரும் நேரம் வாசலில் நின்று சில நாட்களில் அவளே அந்த வசனத்தைச் சொன்னாள். அவரும், ஓம் பிள்ளை வந்திட்டன் என்று சொல்லிக்கொண்டு படியேறினார். அயலவர்கள் பார்த்தால் இரண்டு பேருக்கும் மண்டை கழன்றுவிட்டது என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து அழக்கூடியதாக இருந்தது. முன்பு அதுவும் இருக்கவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். விட முடியாத சாதி அவர். ஒருநாள் பலீலாவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவள், எங்கட ரபீக்காட்ட கேட்டா இன்னம் நல்லா செல்லுவா என்றாள். ரபீக்கா அவளுடைய தங்கை. புருஷனோடு அந்த வீட்டின் முன்னறையில்தான் இருந்தாள். மலர் உண்மையில் ஒட்டிக்கொண்டு திரிந்தது அவளோடுதான். ரபீக்காவின் புருஷன் திடீரென்று மௌத்தானதும், தாய் வந்து அவளைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போய் இத்தா இருக்க வைத்தாள். புருஷனை இழந்த பெண் அந்த மாதங்களில் வீட்டைவிட்டு வெளிக்கிட மாட்டாள். அந்தக் காலத்துக்குள்தான் மலருக்குக் காய்ச்சல் வந்தது. ரபீக்காவால் வர முடியவில்லை. வந்து பார்க்க முடியாதவளுக்குச் சொல்லி என்ன செய்வது என்று, இத்தா முடிந்த பிறகுதான் அவளுக்குச் சங்கதியையே சொன்னார்கள். அவள் பிறகு வெள்ளவத்தைப் பக்கம் திரும்பவேயில்லை.

நாகேந்திரத்துக்கு இந்தக் கதையில் சந்தேகம் ஒன்றும் தட்டவில்லை. துளுச் சமையற்காரரைத் தேடிப் போன அதே ஆசைதான் எழும்பியது. மற்றவர்களைச் சந்திக்காத ஒரு சாட்சி தூரத்தில் இருக்கிறது, அதையும் வாங்கிவிட்டால் கணக்கு முழுமையாகிவிடும். அடுத்த நாள் நீதிமன்றம் கலைந்ததும் புதுக்கடையிலிருந்து நடந்தே கொட்டாஞ்சேனைக்குப் போனார். கையில் ஒரு பெட்டி மஸ்கத் இனிப்பு வாங்கிக்கொண்டு போனார்.

ரபீக்கா தாயோடு ஒரு சின்ன வீட்டில் இருந்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் துணிகள் குவிந்திருந்தன. அவரைக் கண்டதும் தலைச்சேலையை இழுத்து விட்டுக்கொண்டு, வாங்க ஐயா என்று கதிரையைத் தட்டிப் போட்டாள். பிள்ளையின் பெயரை எடுத்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் கேட்ட கேள்விக்கு யோசிக்கவேயில்லை. நேற்றுக் கேட்டதைச் சொல்வதுபோல உடனே சொன்னாள். தலையைக் கொஞ்சம் குனிந்து, கண்ணைப் பெரிதாக்கி, அடிக்குரலில், கரகரவென்று, ஒரே ஓட்டத்தில்: "அப்பா வந்திட்டார்." ஏற்றமும் இல்லை, நீட்டும் இல்லை. கடைசி எழுத்து பாதி விழுங்கிப் போயிருந்தது. ரகசியம் சொல்கிற குரல்.

நாகேந்திரம் சிரித்தார். பாவம், இவளுக்கு மறந்துவிட்டது என்று நினைத்தார். இப்படியல்லவா மலர் சொல்லுவாள் என்று, தான் பழகி வைத்திருந்ததை, ஏற்றி நீட்டி நடுக்கி, அழகாகச் சொல்லிக் காட்டினார்.

ரபீக்கா அவரைச் சங்கடமாகப் பார்த்தாள்.

"அது மையத்து ஊட்டுல அழுற மாதிரியல்லோ ஈக்கி, ஐயா" என்றாள்.

செத்தவீட்டில் அழுகிற மாதிரி என்ற அந்த ஒரு வசனத்தோடு நாகேந்திரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருந்த அன்று அவர் வெளியே பந்தலுக்குக் கீழே ஆண்களோடு இருந்தார். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கொழும்பில் உத்தியோகக்காரர் வீடுகளில் அந்த வழக்கம் குறைந்துகொண்டு வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா அயலுக்குக் கூச்சப்பட்டு, அக்காவை மெல்ல அழச் சொல்லு என்று யாரிடமோ சொன்னது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அன்னபாக்கியம் கேட்கவில்லை. அப்பா வந்திட்டார் எண்டு இனி ஆர் சொல்லுவார் என்று பிள்ளையின் வசனத்தை எடுத்து ஒப்பாரியில் வைத்து, விடிந்ததிலிருந்து பிள்ளையைத் தூக்கும்வரை அழுதாள். பலீலா அவளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். தம்பி வாசலில் நின்றான். அவரும் பந்தலில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எல்லோருடைய காதிலும் அன்று ஏறியது தாயின் அழுகை. அது ஏறிய இடத்தில் இருந்த பிள்ளையின் குரல் இறங்கிப் போய்விட்டது. அத்தனை சாட்சிக்கும் ஒரே வாத்தியார். கூண்டில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்த மனிதர் அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

அவர் மஸ்கத் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு, ஏன் அப்படி ரகசியம் போலச் சொல்லுவாள் என்று கேட்டார். ரபீக்கா சொல்லத் தயங்கினாள். அவர் திரும்பக் கேட்டார்.

"புள்ள எங்கட முன்ரூமுலதானே ஈந்த. நீங்க கோச்சியால எறங்கி வாரத்த ஜன்னலால கண்ட ஒடன, மெல்லமா எனக்கிட்ட செல்லிட்டு, கட்டிலுக்கடியில போய் ஒளிஞ்சிக்கொள்ற. அப்பா தேடிக்கொண்டு வருவாரு, செல்ல வாணாம் எண்டு."

"நான் வந்தனானோ?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார், பதில் அவருக்குத் தெரியும். நேரே வீட்டுக்குப் போய், சால்வையைக் கொழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்குவார். ஒருநாளும் பிள்ளையைத் தேடிப் போனதில்லை. ரபீக்கா தையல் மெஷின் சில்லைக் கையால் தடவிக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துட்டு அவவே வெளிய வந்து ஊட்டுக்குப் போவா, அடுத்த நாளும் ஒளிவா என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகளின் குணத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். நாகேந்திரம் அங்கேயே, அந்நியப் பெண்கள் இரண்டு பேருக்கு முன்னால், வாய்விட்டு அழுதார். ரபீக்காவின் தாய் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

போகும்போது, இன்னொருக்கால் சொல்லம்மா என்று கேட்டார். அவள் சொன்னாள். அதே அடிக்குரல், அதே ஓட்டம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சட்டத்தின்படி இதுதான் உண்மை என்று அவருக்குத் தெரியும். யாரையும் சந்திக்காத சாட்சி, யாருடைய அழுகையும் படாத சாட்சி. ஆனால் அவருடைய காது அதை யாரோ ஒரு பிள்ளையின் குரலாகத்தான் கேட்டது. இது என் மகள் என்று உடம்பில் ஒரு மயிரும் அசையவில்லை. அந்தத் துக்கத்தை அவர் யாரிடம் போய்ச் சொல்லுவார்?

கோட்டையிலிருந்து ரயிலில் வரும்போது முதலில் ஒன்றும் சொல்லுவதில்லை என்று நினைத்தார். வெயிலில் காயப்போட்ட சட்டைகளை நினைத்தார். வாசலில் நின்று அன்னபாக்கியம் சொல்லும் வசனத்தை நினைத்தார். அவளுக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், அதையும் பிடுங்கினால் பாவம் என்று தீர்மானித்துக்கொண்டுதான் இறங்கினார். ஆனால் அவள் படியில் நின்று வழக்கம்போல, "அப்பா வந்திட்டார்" என்று நீட்டியதும், ஓம் பிள்ளை என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அப்படியே படியில் இருந்துவிட்டார். அவள் பயந்து பக்கத்தில் வந்து இருந்தாள். ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலுக்கடியில் ஒளிந்ததையும் சொன்னார். முடிவில், நீர் சொல்லுற குரல் மலரின்ர இல்லைப் பாக்கியம் என்றார்.

அவள் கடல் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அது நான் அழுத குரல். அவளின்ர குரல் எனக்குச் செத்தவீட்டோடையே போட்டுது. எவ்வளவு யோசிச்சாலும் நான் அழுததுதான் திரும்பத் திரும்பக் கேக்குது. நீங்கள் காதுக்காரர், உங்களுக்கெண்டாலும் இருக்கும் எண்டுதான் அண்டைக்கு உங்களிட்டைக் கேட்டனான்."

"பிறகேன் நான் கேக்கேக்குள்ளை அதைச் சொன்னனீர்?"

"நீங்கள் கேட்டியள். என்னட்டை இருந்தது அதுதான்."

ரயில் ஒன்று காலி பக்கம் போயிற்று. பிறகு அவள் அவருடைய முழங்கையைத் தொட்டு, ரபீக்கா எப்படிச் சொன்னாள் என்று சொல்லிக் காட்டச் சொன்னாள். அவளுடைய முகத்தில் இருந்த ஆசையை அவரால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்தார். கண்ணைப் பெரிதாக்கினார். யாரும் கேட்டிராத ஒலிகளை எல்லாம் எழுப்பிப் பழகிய வாயைத் திறந்தார். அடிக்குரலில்தான் தொடங்கினார். "வந்திட்டா" என்ற இடத்தில் குரல் தானாக நீண்டு, தானாக ஏறி, கடைசியில் நடுங்கி இறங்கியது. இன்னொருமுறை முயன்றார். அதுவேதான் வந்தது. பின்னேரம் காதால் கேட்டதைப் பொழுதுபட முன்னரே இழந்துவிட்டிருந்தார்.

"நாளைக்கு நீரும் வாரும்" என்றார். "ரபீக்கா உமக்குச் சொல்லிக் காட்டுவா. அவவிட்டை அப்பிடியே இருக்கு."

அன்னபாக்கியம் சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

"வேண்டாம்" என்றாள். "நான் போனால் அங்கையும் அழுவன். பிறகு ரபீக்காவுக்கும் என்ர அழுகைதான் ஞாபகம் இருக்கும். ஒரு இடத்திலையெண்டாலும் மலர் ஒளிச்சுக்கொண்டு இருக்கட்டும்."

அதற்குப் பிறகு நாகேந்திரம் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகவில்லை. நீதிமன்றம் கலைந்து வெளியே வந்தால், அந்தப் பக்கம் பிரியும் சந்தியில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு சால்வையைச் சரிப்படுத்திக்கொண்டு கோட்டைப் பக்கம் திரும்பி ரயிலுக்கு நடப்பார். வெள்ளவத்தையில் இறங்கி ஒழுங்கையில் வரும்போது, பலீலா வீட்டு முன்னறை ஜன்னலைப் பார்க்காமல் அவர் ஒருநாளும் தன் வீட்டுக்குப் போனதில்லை.